கழுவினால் போதுமா, காய வேண்டாமா? கடலோர வீட்டு ரெக்கார்டுகளுக்கு எந்த வழி சரி

கடலூர் ஆல்பேட்டையில் என் மாமா வீட்டு மர அலமாரியில் நூற்று நாற்பது ரெக்கார்டுகள், அதாவது இசைத்தட்டுகள், இருந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. நான் இருக்கும் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை பெருகி ஆல்பேட்டைக்குள் வந்து, அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க முங்கிப்போனது. மேலே இருந்த டோரன்ஸ் டிடி 160 ரெக்கார்டு பிளேயர் மட்டும் தப்பித்தது.

மாமா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். அந்த டோரன்ஸ் அவரோடு கப்பலில் வந்தது. பிரான்சிலும் நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ் கரண்ட் என்பதால் வேகத்தில் பிரச்சினையே வரவில்லை. அமெரிக்காவில் இருந்து சொந்தக்காரர்கள் ஆசையாகக் கொண்டுவரும் பழைய பிளேயர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. 60 ஹெர்ட்ஸுக்கான கப்பியோடு இங்கே ஓடினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும், பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவார்.

மாமா மகன் போன் செய்தான். "அத்தான், வீடியோவுல பார்த்தேன், அல்ட்ராசோனிக் மெஷின்தான் பெஸ்ட்டுன்றாங்க. லட்சக்கணக்குல ஆகும்போல. வாங்கிடட்டா?"

"ஒரு வாரம் பொறுடா, நான் வந்து பார்க்குறேன்" என்றேன். பிறகு நடந்தது ஒரு வாரம் அல்ல, ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் ஒவ்வொரு வழியையும் அந்த ரெக்கார்டுகளிலேயே முயன்று பார்த்தோம். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் தூசியும் ஸ்டாட்டிக்கும் (உராய்வில் தேங்கும் நிலைமின்சாரம்) தான் வில்லன்கள். ஸ்டாட்டிக்கை விரட்டும் துப்பாக்கிகூட விற்கிறார்கள். நம் கடற்கரைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு ஸ்டாட்டிக் நிற்பது கஷ்டம். அந்தத் துப்பாக்கிக்குக் கொடுக்கும் காசை அப்படியே பையில் வைத்துக்கொள்ளலாம். நம் வில்லன்கள் உப்பும் பூஞ்சையும். இரண்டுக்கும் தீனி ஈரம். ஆகவே ஒரு சுத்தம் செய்யும் முறையை எடைபோடும்போது நான் கேட்கும் முதல் கேள்வி: கழுவிய தண்ணீரை இது எப்படி வெளியேற்றுகிறது? ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பனியனைக் கொடியில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும்.

வெள்ளத்தில் நனைந்த ரெக்கார்டுக்கு முதலுதவி தனி. அட்டை உறை ஊறி ரெக்கார்டோடு ஒட்டியிருக்கும். உருவக் கூடாது, ஓரத்தில் கத்தரித்துப் பிரிக்க வேண்டும். அட்டையைக் கிழிப்பதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதல் பத்துக்கு எடுக்கத் தவறிவிட்டோம். ரெக்கார்டில் படிந்திருப்பது தூசி இல்லை, ஆற்று வண்டல். அதில் மணல் உண்டு. துணியை எடுத்துத் தேய்த்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான். குழாயைத் திறந்துவிட்டு, நடு லேபிளை மறைத்துக்கொண்டு, தண்ணீரை ஓடவிட்டே வண்டலை இறக்க வேண்டும். இந்த முதல் அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை. கடைசி அலசலுக்கு ஆகாது: எங்கள் பக்கத்து போர் தண்ணீர் காய்ந்தால் எவர்சில்வர் சொம்பில் வெள்ளை வட்டம் விடும், அதே வட்டம் ரெக்கார்டில் முள் ஓடும் பள்ளத்திலும் விழும். ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரை, சீல் உடைக்காத கேனாகப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் பள்ளத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடினால் ரெக்கார்டு 667 தடவை சுற்றுகிறது. முள் கடக்கும் தூரத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 400 மீட்டர். தலைமுடி அகலம்கூட இல்லாத ஒரு வாய்க்கால், 400 மீட்டர் நீளம். அதைத் தூர் வாருவதுதான் நம் வேலை.

இனி வழிகள்.

தொட்டி முறை. ஸ்பின் கிளீன் என்ற பெயரில் 1975 முதல் வருகிறது. அதே மாதிரி வேறு பலதும் உண்டு. ஒரு குறுகிய தொட்டியில் திரவம், இரண்டு பக்கமும் பிரஷ், நடுவில் ரெக்கார்டைச் செருகிக் கையால் சுழற்ற வேண்டும். விலை குறைவு, கரண்ட் வேண்டாம், கொஞ்ச நேரத்தில் நிறைய ரெக்கார்டு பார்க்கலாம். முதல் ஐந்து ரெக்கார்டு நன்றாக வந்தது. பத்தாவதற்குள் தொட்டித் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. அதாவது பத்தாவது ரெக்கார்டை மற்ற ஒன்பதின் அழுக்கில் குளிப்பாட்டுகிறோம். பிறகு துணியால் ஒற்றி, பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிறுத்திக் காய வைத்தோம். ஜனவரியில் அப்படிக் காய வைத்து உறையில் போட்ட ஆறு ரெக்கார்டுகளை மார்ச்சில் எடுத்தபோது, இரண்டில் ஓரமாகச் சாம்பல் நிறப் புள்ளிகள். பூஞ்சை. கழுவியது வீண் இல்லை, காய வைத்ததுதான் பிழை. ஊட்டியிலோ பெங்களூருவிலோ இருப்பவர்களுக்கு நான் இதையே சிபாரிசு செய்திருக்கக்கூடும்.

அல்ட்ராசோனிக். நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்: பள்ளத்தின் அடி வரை போய் அழுக்கைக் கிளப்புவதில் இதற்கு இணை இல்லை. நகைக்கடையில் மோதிரத்தைப் போட்டு எடுக்கும் அந்தச் சின்னத் தொட்டியின் அதே தத்துவம். ஒலி அதிர்வில் தண்ணீருக்குள் நுண்குமிழிகள் பிறந்து வெடித்து அழுக்கை உரித்தெடுக்கின்றன. சாதாரணத் தொட்டிகள் 40 கிலோஹெர்ட்ஸில் ஓடும். எஸ்டோனியாவில் செய்யும் டீகிரிட்டர் 120 கிலோஹெர்ட்ஸ். அதிர்வு கூடக்கூடக் குமிழி சிறுக்கும், சிறுத்தால் குறுகிய பள்ளத்துக்குள் நுழையும். கூடவே விசிறி வைத்து உலர்த்தியும் கொடுக்கும். ஆனால் அதன் விலையில், சுங்க வரியையும் சேர்த்தால், ஒரு நல்ல மோட்டார் பைக் வாங்கிவிடலாம்.

மலிவான வழி, ஆறு லிட்டர் தொட்டி ஒன்றை வாங்கி அதன் மேல் மெதுவாகச் சுற்றும் மோட்டாரைப் பொருத்துவது. புதுச்சேரியில் தெரிந்தவர் ஒருவரிடம் இருந்தது, இரண்டு நாள் இரவல் வாங்கினேன். மூன்று இடைஞ்சல். ஓட ஓடத் தண்ணீர் சூடாகும். 35 டிகிரியைத் தாண்டவிடாமல் நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டும், சித்திரை மாதத்தில் தொடக்கமே 31. வண்டல் படிந்த ரெக்கார்டை நேரே இறக்கினால் தொட்டியே கலங்கிவிடும், ஆகவே முன்கழுவல் எப்படியும் தேவை. கடைசியில், வெளியே எடுத்தால் சொட்டச் சொட்ட ஈரம்; மறுபடி அதே ஸ்டாண்டு, அதே காத்திருப்பு. சத்தத்தில் வித்தியாசம் கேட்டதா? கேட்டது. ஏற்கெனவே வேறு முறையில் கழுவிய ரெக்கார்டில் மிச்சம் இருந்த சின்னச் சின்னப் பொரிச்சல் குறைந்தது. லட்சம் பெறுமா என்றால், எனக்குப் பெறவில்லை.

உறிஞ்சும் மெஷின். என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். திரவத்தை ஊற்றி, பிரஷால் பள்ளத்தின் போக்கிலேயே பரப்பி, அழுக்கு ஊறியதும் மொத்தத்தையும் காற்றால் உறிஞ்சி எடுப்பது. அழுக்கும் தண்ணீரும் சேர்ந்தே வெளியேறுவதுதான் விஷயம். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் புதுத் தண்ணீர். இரண்டு சுற்றில் ரெக்கார்டு தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்துவிடும், கார்த்திகை மழையிலும். புதுச் சரக்கு ஒன்றும் இல்லை. பிபிசி வானொலியே கீத் மங்க்ஸ் என்ற இந்த வகை மெஷினைப் பயன்படுத்தியது. இன்று புரோஜெக்ட், ஒக்கி நொக்கி என்று பல உண்டு. குறை சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அயரும் ஊர் இது, கடைகளே அடைத்துவிடுவார்கள். ஒன்றரை மணியில் இருந்து நான்கு வரை இந்த மெஷினைத் தொடாதீர்கள்.

நாங்கள் அதையும் விலை கொடுத்து வாங்கவில்லை. ஈரமும் உறிஞ்சக்கூடிய வாக்யூம் கிளீனர் ஐயாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. சாதாரண, தூசிக்கு மட்டுமான மாடலில் தண்ணீரை உறிஞ்சவிட்டால் மோட்டார் போய்விடும், ஷாக்கும் அடிக்கலாம். முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பில் ஒரு துண்டு, ஒரு முனைக்கு மூடி, மறு முனை குழாயோடு. பைப்பின் அடிப்பக்கம் ஹாக்சாவால் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் எட்டரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கீறல். எல்பியில், அதாவது 33⅓ சுற்றில் ஓடும் பெரிய ரெக்கார்டில், பாட்டு ஓடும் பட்டையின் அகலம் ஏறக்குறைய அதுதான். கீறலின் இரு ஓரமும் வெல்வெட் ரிப்பன் ஒட்ட வேண்டும். வெல்வெட் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். அழுக்குப் பக்கத்தைத் தொட்ட வெல்வெட் சுத்தமான பக்கத்தைத் தொட்டால் எல்லாம் திரும்ப முதலில் இருந்து.

ரெக்கார்டை எதன் மேல் வைத்துச் சுற்றுவது? டோரன்ஸ் மேல் மட்டும் வைக்காதீர்கள். அதன் தட்டும், முள்ளைத் தாங்கும் கையும் மூன்று ஸ்பிரிங்கில் தொங்குகின்றன, மேலே இருந்து அழுத்தினால் அந்தச் சமநிலையே போயிற்று. மாமா மகன் நேரு வீதிப் பக்கம் கேக் செய்கிறவர்களுக்கான சாமான் விற்கும் கடையில் இருந்து, கிரீம் பூசச் சுழற்றும் ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வந்தான். மேலே ரப்பர் ஷீட் வெட்டி ஒட்டினோம். லேபிள் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் டப்பா மூடியை வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு போல்ட். பெயர் தெரியாத அந்தக் கேக் ஸ்டாண்டில்தான் நூறு ரெக்கார்டு சுற்றியிருக்கிறது.

திரவம்: ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், நூறு மில்லி ஐசோபுரொபைல் ஆல்கஹால், பிலிம் கழுவுகிறவர்கள் கடைசியில் விடும் ஈரமூட்டி நாலைந்து சொட்டு. பிறகு வெறும் தண்ணீர் விட்டு ஒரு முறை உறிஞ்ச வேண்டும். கொரோனா காலத்தில் மிஞ்சிய சானிடைசரை ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். கை வறளாமல் இருக்க அதில் கிளிசரின் கலந்திருக்கும். பள்ளத்தில் பிசுபிசுவென்று தங்கிவிடும்.

பழைய 78 சுற்று ரெக்கார்டுகளுக்கு இந்தத் திரவம் கூடவே கூடாது. அவை பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. ஆசாரி நாற்காலிக்குப் பிரெஞ்சு பாலிஷ் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் போட்டுக் கரைத்துத்தான் பூசுவார். அதே ஸ்பிரிட்டை அரக்கு ரெக்கார்டில் தடவினால், அந்தக் காலத்துப் பாட்டைக் கரைத்து நாற்காலிக்குப் பூசுவதற்குச் சமம். அதற்கு டிஸ்டில்டு வாட்டரும் ஈரமூட்டியும் மட்டும், உடனே துடைத்து உலர்த்திவிட வேண்டும்.

ஃபெவிகால். சிரிக்காதீர்கள். வெளிநாட்டில் மரப்பசையை ரெக்கார்டு முழுக்கப் பூசி, காய்ந்ததும் தோலாக உரிக்கும் வழக்கம் உண்டு. நம் ஃபெவிகாலும் அதே வகைப் பசை. ஏப்ரலில் ஒரு எல்பியில் முயன்றேன். மறுநாள் கண்ணாடித் தாளாக முழுசாக உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் பள்ளத்தின் அச்சு அப்படியே தெரிந்தது. அவ்வளவு திருப்தி வேறு எந்த முறையிலும் இல்லை. அந்த ஏழு மாதம் முடிந்த பிறகு, நவம்பரில் அடுத்ததை முயன்றேன். இரண்டு நாளாகியும் நடுவில் பால் வெள்ளை. பொறுமை இழந்து உரித்ததில் துண்டு துண்டாகப் பிய்ந்து, மிச்சத்தை ஈரத்துணியால் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கோடையில், ஒன்றிரண்டு மோசமான ரெக்கார்டுக்கு மட்டும். அரக்கு ரெக்கார்டில் துணியவில்லை.

முள்ளைச் சுத்தம் செய்வதில் ஒப்பிட அதிகம் இல்லை. பிரஷ், திரவம், ஜெல், மெலமைன் ஸ்பாஞ்ச் என்று நான்கு வழி சொல்வார்கள். ஒவ்வொரு பக்கத்துக்குப் பிறகும் உலர்ந்த பிரஷால் பின்னிருந்து முன்னாக ஒரு இழுப்பு. வாரம் ஒரு முறை ஜெல்லில் முள்ளை மெல்ல இறக்கி எடுப்பது. இதுவே போதும். திரவம் முள் நுனியின் வைரத்தைத் தாண்டி மெல்லிய தண்டின் வழியே மேலேறி உள்ளே இருக்கும் ரப்பரையும் பசையையும் தொடும், நமக்கு ஏற்கெனவே இருக்கும் ஈரம் போதாதா? ஸ்பாஞ்சின் துணுக்கு ஒன்று முள்ளில் மாட்டியதைப் பார்த்ததில் இருந்து எனக்கு அதுவும் பிடிப்பதில்லை. வாயால் ஊதுவது பழக்கமாகிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள். ஆயுதபூஜைக்கு வீடு துடைக்கும் அத்தையிடம் இருந்து பிளேயரைக் காப்பாற்ற மூடியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: "தொடாதே, கும்பிடு மட்டும்."

பிளேயரை யார் பார்ப்பது?

இதில்தான் மாமா மகனுக்கும் எனக்கும் சண்டை வந்தது. டோரன்ஸ் வேகம் தள்ளாடியது, பியானோவின் நீண்ட சுரங்கள் அலைந்தன. அவனுக்குச் சென்னையில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். எனக்கு, நானே பார்க்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் என் டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 எம்கே2 பிளேயரை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். ஈசிஆர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய், மடியிலேயே திரும்பக் கொண்டுவந்தேன். வீட்டில் திறந்தபோது முள் தாங்கும் தண்டு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. பாதையில் நடந்ததா பட்டறையிலா, இன்றுவரை தெரியாது. கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் தட்டைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள், கையின் பின்முனையில் இருக்கும் எதிரெடையைக் கழற்றுங்கள், கையைக் கட்டுங்கள், முள் பொருந்திய கார்ட்ரிட்ஜை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

டோரன்ஸின் வெளித்தட்டைத் தூக்கினால் உள்தட்டு. அதைச் சுற்றித்தான் பெல்ட். பெல்ட் தொளதொளத்துப் பளபளவென்று இருந்தது. மாற்றினோம். தள்ளாட்டம் குறைந்தது, போகவில்லை. உள்தட்டின் அச்சைப் பேரிங் குழியில் இருந்து உருவினேன். வெளிர் மஞ்சளாக, மெழுகு மாதிரி ஏதோ வழித்துக்கொண்டு வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சிக்குவாடை.

"தேங்கா எண்ணெய்டா இது!"

"அப்பா மிஷினுக்கெல்லாம் அதைத்தான் போடுவாரு, அத்தான்."

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைவது தெரியாத வீடு உண்டா? குழிக்குள்ளும் அதேதான் நடந்திருக்கிறது, வருடா வருடம். உறையாத மாதங்களில் பிசினாக மாறியிருக்கிறது. பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் நனைத்துத் துடைக்கப் பதினான்கு குச்சி செலவானது. கடைசிக் குச்சி வெள்ளையாக வந்ததும் மெல்லிய பேரிங் எண்ணெய் சில சொட்டு விட்டு, அச்சைத் தன் எடையிலேயே இறங்கவிட்டோம். காற்றை மெதுவாக வெளியேற்றிக்கொண்டு அது அமிழ்ந்து உட்கார ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. நல்ல பேரிங்குக்கு அதுதான் அடையாளம். தள்ளாட்டம் நின்றது. என் டெக்னிக்ஸுக்குக் கையேடே 2,000 மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று சொட்டு என்கிறது, அவ்வளவுதான் அதன் பசி.

டெக்னிக்ஸின் நோய் வேறு. திடீரென்று இடது பக்கம் ஊமையாகும், தட்டினால் வரும். கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றிப் பார்த்தால் பின்புறம் நான்கு சின்ன முனைகள். அவற்றில் ஒன்றின் நுனியில் பித்தளைக் குத்துவிளக்கில் வருவது போலப் பச்சைக் களிம்பு. கடல் எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் இருந்து நடக்கும் தூரம்தான். பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்கிறேன், காலண்டரில் அமாவாசைக்குப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆக, எண்ணெய், பெல்ட், களிம்பு, மட்டம் பார்ப்பது, முள்ளின் எடையைச் சின்ன டிஜிட்டல் தராசில் அளப்பது (ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் என்றால் 1.8 கிராம்) எல்லாம் வீட்டிலேயே முடியும். மோட்டார் சூடாகி நாற்றம் அடித்தால், கையின் நுண்ணிய பேரிங்கில் ஆட்டம் இருந்தால், உள் ஒயர் அறுந்தால் மட்டும் தெரிந்தவரிடம் போங்கள். ஒரு துணைச்செய்தி: கரண்ட் போனதும் மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் டோரன்ஸை ஓட்டாதீர்கள். அந்த மோட்டார் கரண்டின் அதிர்வைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. இன்வெர்ட்டரின் அதிர்வு நகர்ந்தால் பாட்டின் சுதியும் நகரும், மோட்டாரும் முனகும்.

மாமா மகனுக்கு நான் சொன்னது இதுதான். நூற்று நாற்பது ரெக்கார்டுக்கு வாக்யூம் கிளீனரும் கேக் ஸ்டாண்டும் போதும். முந்நூறைத் தாண்டினால் முறையான உறிஞ்சும் மெஷின் ஒன்றை வாங்கு, கை வலி மிச்சம். அல்ட்ராசோனிக் வேண்டுமென்றால் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள். லட்ச ரூபாயில் மிச்சம் பிடித்ததில் புது உள்ளுறைகளும், தரையில் இருந்து நான்கடி உயரத்தில் ஒரு அலமாரியும் செய். சிலிகா ஜெல் பொட்டலங்களை உள்ளே போட்டு, அவை நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடு.

அலமாரி செய்துவிட்டான். ஐந்தடி.

படம் எடுக்கத் தவறிய அந்தப் பத்து ரெக்கார்டில் நான்குக்கு லேபிளே கரைந்துபோயிருந்தது. பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வெற்று வளையத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், அச்சிட்டவர்கள் பொறித்த எண் தெரியும். அதை வைத்து மூன்றைக் கண்டுபிடித்துவிட்டோம். நான்காவதில் எண் பாதி தேய்ந்திருக்கிறது, ஒரு பெண் குரல் பிரெஞ்சில் பாடுகிறது. மாமி சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்து, "இது துலோன்ல இருக்கும்போது தினம் போடுவாரு" என்றார். துலோன், பிரான்சின் தெற்குக் கடற்கரை ஊர். பாடுவது யாரென்று அவருக்கும் தெரியவில்லை. அந்த உறையின் மேல் மாமா மகன் "துலோன்" என்று எழுதி வைத்திருக்கிறான்.